ஊர்வலம் நின்றாலும் அடி நிற்காது: வடசென்னை ஒலிகளால் வீடியோ கேம் சண்டை இசை அமைக்க முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு மதியம் சவ ஊர்வலம் ஒன்று மாட்டிக்கொண்டது. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் முடிவில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. பாடை நின்றது, கூட்டம் நின்றது, பறையடித்தவர்கள் மட்டும் நிற்கவில்லை. நடந்து வரும்போது அடித்த அதே அடியைச் சுழற்றிக்கொண்டே, ஒருவர் கையை லேசாக்கினார், இன்னொருவர் தன் சட்டி மேளத்தை நிறுத்திக்கொண்டார். அடி உயிரோடு இருந்தது, ஆனால் காத்திருந்தது. கடைசிப் பெட்டி கடந்ததும் முன்னால் நின்றவர் குச்சியை உயர்த்தி ஓங்கி ஓர் அடி வைத்தார். ஓடிக்கொண்டிருந்த சுற்று முடிந்தது. அடுத்த சுற்றின் முதல் தட்டில் எல்லாரும் ஒன்றாக வேறோர் அடிக்கு மாறினார்கள். கேட் திறந்தது.

அந்த நேரத்தில் என் பையில் இருந்த மடிக்கணினியில் தோற்றுப்போன ஒரு சண்டை இசை இருந்தது. நண்பர்கள் இருவரோடு நான் செய்துகொண்டிருந்தது ஒரு சிறிய கைபேசி விளையாட்டு. மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் இரவில் நடக்கும் கைச்சண்டை. 40-ஆவது நொடியில் இசை உச்சத்தைத் தொடும்படி எழுதியிருந்தேன். நன்றாக ஆடியவர் 25 நொடியில் எதிரியை வீழ்த்திவிட்டார். உச்சம் வரவே இல்லை. புதிதாக ஆடியவர் இரண்டு நிமிடங்களுக்கு மேல் தடுமாறினார். உச்சம் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

பாட்டு எப்போது முடியும் என்பது பாடுபவருக்குத் தெரியும். சண்டை இசைக்குத் தெரியாது. அது காத்திருக்க வேண்டும், கவனிக்க வேண்டும், சைகை வந்ததும் தாளம் தவறாமல் மாற வேண்டும். எங்கள் தெருவின் மேளக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. அவர்களிடம் நான் கற்றதையும் கணினியில் அதை நிறைவேற்றும் வழியையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன். ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் ரீப்பர் என்ற மென்பொருளையும், விளையாட்டை உருவாக்கக் கோடோ என்ற மென்பொருளையும் பயன்படுத்தினேன். ரீப்பரை 60 நாள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். கோடோ முற்றிலும் இலவசம். ஆனால் 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். காரணம் பின்னால் வரும்.

படி 1: இசையைத் தொடும் முன் சண்டையைப் பாருங்கள்

விளையாட்டின் முதல் வடிவத்தை ஒலியில்லாமல் பத்துப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு சண்டையும் எத்தனை நொடி நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த நேரமும் மிக நீண்ட நேரமும்தான் உங்களுக்குத் தேவை; சராசரி உதவாது. எங்களுக்கு அது 20 நொடியிலிருந்து 4 நிமிடம் வரை இருந்தது.

வேகத்தையும் இந்தக் கட்டத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். நான் அதைக் கண்டுபிடித்தது ராயபுரம் பக்கத்தில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில். குத்துக்களின் வேகத்தை எண்ணலாம் என்று போனேன். குத்து ஒழுங்காக விழவில்லை. விட்டுவிட்டு, கொத்தாக விழுந்தது. ஓரத்தில் பையன்கள் ஆடிய ஸ்கிப்பிங் கயிறுதான் தரையில் சீராகத் தட்டிக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டி. உடம்பு சண்டைக்குத் தயாராக இருக்கும்போது ஓடும் அடித்தாளம் அது. குத்து அதன் மேல் ஒழுங்கின்றி விழும். உங்கள் இசையும் இப்படியே இருக்கட்டும்: கயிறு இசைக்கு, குத்து ஆடுபவருக்கு. குத்துக்களை இசையே அடித்துவிட்டால் ஆடுபவரின் விரலுக்கு வேலை இல்லாமல் போகும்.

படி 2: திணை வகுத்துக்கொள்ளுங்கள்

ஒரே சண்டைக்குள் பல நிலைகள் இருக்கின்றன. எதிரி இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டான், நெருங்கிவிட்டான், உயிர் குறைந்துவிட்டது, வென்றோம், வீழ்ந்தோம். இவற்றுக்குப் பெயர் வைக்க நான் வெகுநாள் தடுமாறினேன். கோப்புகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டால் ஒரு வாரத்தில் குழம்பிவிடும். பள்ளியில் மனப்பாடம் செய்த தொல்காப்பியப் புறத்திணைகள்தான் கைகொடுத்தன. போரை இத்தனை துல்லியமாக நிலை நிலையாகப் பிரித்த பட்டியலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெட்சி என்பது ஆநிரை கவர்தல். எதிரி அறியாமல் நுழைவது. விளையாட்டில் பதுங்கிப் போகும் நிலை. வஞ்சி படையெடுப்பு, எதிரி நம்மைப் பார்த்து நகரத் தொடங்கும் நிலை. தும்பை நேருக்கு நேர் போர். உழிஞை மதிலை முற்றுகையிடுவது. எளிதில் வீழாத பெரிய எதிரிக்கு அதை ஒதுக்கினேன். வாகை வெற்றி. காஞ்சியைத் தொல்காப்பியர் நிலையாமைக்கு வைத்தார். ஆடுபவர் வீழும்போது ஒலிக்க வேண்டியது அதுதான். கோப்புகளுக்கும் இதே பெயர்களை வைத்தேன். குழுவில் ‘தும்பை சீக்கிரம் வந்துவிடுகிறது’ என்று ஒருவர் சொன்னால் எல்லாருக்கும் உடனே விளங்கியது.

சிறிய விளையாட்டு என்றால் ஆறும் வேண்டாம். வஞ்சி, தும்பை, வாகை மூன்றும் போதும்.

படி 3: வேகத்தை மாற்றாமல் நடையை மாற்றுங்கள்

1978-இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் தாழ்ந்த சுரங்கள் நான்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஆட்டம் நெருக்கடியாக ஆக ஆக அவற்றின் வேகம் கூடும். நெஞ்சை அழுத்தும் உத்தி அது. மின்சுற்று அந்த நேரத்திலேயே உருவாக்கிய ஒலி என்பதால் வேகத்தை மாற்றுவது எளிதாக இருந்தது. பதிவு செய்த பறையின் வேகத்தை ஓட ஓடக் கூட்டினால் தோலின் ஒலியே கெட்டுவிடும்.

இதற்கு நம் தாளத்திலேயே வழி இருக்கிறது. ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) நான்கு தட்டு, நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஆவர்த்தனம் சரியாக 2 நொடி. வஞ்சியில் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரியுங்கள், திஸ்ர நடை: ஆவர்த்தனத்துக்கு 12 அடி. நம் ஊர்வல அடிகளிலும் கானாவிலும் ஓடும் அந்தத் துள்ளல் பெரும்பாலும் இதுதான். தும்பைக்கு வரும்போது அதே தட்டை நான்காகப் பிரியுங்கள், சதுஸ்ரம்: 16 அடி. ஆவர்த்தனத்தின் நீளம் மாறவில்லை, ஆனால் கேட்பவருக்கு வண்டி கியர் மாறியதுபோல் இருக்கும். இரண்டு கோப்புகளும் ஒரே நீளம் என்பதால் எந்த ஆவர்த்தன எல்லையிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. திஸ்ரத்துக்காக ரீப்பரில் 12/8 என்று அமைத்து வேகத்தை 120 என்று கொடுத்தால் ஆவர்த்தனம் 3 நொடியாகிவிடும். 12/8 என்பது ஆவர்த்தனத்துக்கு 12 அரைக்கால் சுரம்; ரீப்பரோ வேகத்தைக் கால் சுரத்தை (இரண்டு அரைக்காலை) வைத்து எண்ணுகிறது. 12/8 வேண்டுமென்றால் 180 என்று கொடுக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது இதைவிட எளிது: எல்லாவற்றையும் 4/4, 120 என்றே வையுங்கள், திஸ்ரப் பகுதிக்குத் திரையில் தெரியும் கட்டக்கோடுகளை மட்டும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 16 ஆவர்த்தனம், அதாவது 32 நொடி. ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக (48,000 ஹெர்ட்ஸ்) பதிவு செய்தால் அது சரியாக 15,36,000 மாதிரிகள். முழு எண்ணாக வருவது முக்கியம். பின்னத்தில் முடிந்தால் அடுக்குகள் சிறுகச் சிறுக விலகும்.

படி 4: ஒலிப்பதிவு

இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் பறை ஒலித்தொகுப்புகளை வாங்காதீர்கள். அவை மோசம் என்பதல்ல. வாசிப்பவரிடம் கற்கும் வாய்ப்பை இழந்துவிடுவீர்கள். என் வேலையில் பாதி அவரோடு உட்கார்ந்த மூன்று மதியங்களில் நடந்தது.

பறைக்கு இரண்டு குச்சி. வலக்கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. முன்னது தரும் அடி தோலின் நடுவிலிருந்து வரும். பின்னது சுளீரென்று வெட்டும். இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும், மெல்லிது, நடுத்தரம், ஓங்கியது என்று மூன்று வலுவில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு அடி வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் இயந்திரத் துப்பாக்கி போல் ஒலிக்கும்.

தீயில் காய்ச்சுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தோலைச் சூடு காட்டினால்தான் அந்தக் கூர்மை வரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். எங்களுக்குக் காய்ச்சிய சுருதி பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆகவே முழு அடியை முதலில் பதிவு செய்யுங்கள், ஒற்றை அடிகளைப் பிறகு எடுங்கள். ஒவ்வொரு முறை காய்ச்சிய பின்பும் ஒரே ஓர் ஒற்றை அடியை அடையாளத்துக்குப் பதிவு செய்துகொண்டால் பிறகு சுருதியை ஒப்பிடலாம்.

ஒரு மைக்கை முன்புறம் இரண்டடி தள்ளிச் சற்றுச் சாய்வாகவும், இன்னொன்றைப் பறையின் பின்புறமாகவும் வையுங்கள். பின்புற மைக்கில்தான் வயிற்றில் இறங்கும் ஒலி கிடைக்கும். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ். மிக ஓங்கிய அடியே மைனஸ் 10 டெசிபெல்லைத் (0 தான் பதிவின் உச்ச எல்லை) தாண்டாதபடி வையுங்கள். வாசிப்பவர் உற்சாகமானால் சோதனையில் அடித்ததைவிட நிச்சயமாக ஓங்கி அடிப்பார், அதற்கு இடம் வேண்டும். மொட்டை மாடி வேண்டாம். நான்கு பக்கமும் பாய் தொங்கவிட்டு, மூலைகளில் அரிசி மூட்டைகளை அடுக்கிய ஒரு சரக்கு அறையில்தான் எங்களுக்குச் சிறந்த பதிவு கிடைத்தது. இரவு 10 மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம்; சட்டமும் இடம் தராது, பக்கத்து வீட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவர் தூங்க வேண்டும்.

மற்ற ஒலிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசிமேட்டில் விசைப்படகு நின்றபடி உறுமும் இயந்திர ஒலி, தொடர் சுருதிக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி பிரேக்கை விடும் சீறல், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்துக்கு. சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி இணையும் இரும்பொலி, பெரிய எதிரி வரும்போது. கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் ஓரக்கட்டையில் மோதும் ஒலி, சதுஸ்ர அடிகளுக்கு இடையில். பறைக்கு இவ்வளவு பொருத்தமான துணை இன்னொன்று இல்லை. துறைமுகத்துக்குள்ளும் ரயில்வே நிலத்திலும் அனுமதியின்றி நுழைய வேண்டாம். வெளியே நின்றாலே போதிய ஒலி கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பறை வாசிப்பவர்களை இந்தச் சமூகம் சாதியின் பெயரால் நெடுங்காலம் இழிவுபடுத்தியிருக்கிறது. அவர்கள் வாசிப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் அதன் தொடர்ச்சியே. பதிவுக்கு முன்பே ஊதியத்தைப் பேசி எழுத்தில் கொடுங்கள். பதிவு எங்கெல்லாம் பயன்படும், விளையாட்டு விற்றால் அவருக்கு என்ன பங்கு என்பதையும் எழுதுங்கள். விளையாட்டின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இசையமைப்பாளர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். சாவு அடியை விளையாட்டில் வைக்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். எங்களுக்கு வாசித்தவர், “ஊர்வலத்தில் நடக்கும் அடியை வைத்துக்கொள் தம்பி, அடக்கம் செய்யும்போது அடிப்பது வேண்டாம்” என்றார். வைக்கவில்லை.

படி 5: அடுக்குகளாகப் பிரியுங்கள்

2010-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் விளையாட்டின் இசையமைப்பாளர்கள் பெரும்பாலான பதிவுகளை ஒரே சுருதியிலும் நிமிடத்துக்கு 130 என்ற ஒரே வேகத்திலும் செய்தார்கள். எதை எதன் மேல் வைத்தாலும் பொருந்த வேண்டும் என்பதே நோக்கம். நாமும் அதையே செய்கிறோம். 32 நொடி நீளத்தில் நான்கு கோப்புகள்: அடித்தளம் (படகு இயந்திரம், தாழ்ந்த அடி), நடை (முழுப் பறை), வெட்டு (சிண்டுக்குச்சி, கேரம், இரும்பு), குரல். நான்கும் ஒரே கணத்தில் தொடங்கி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எது கேட்க வேண்டும் என்பதை மட்டும் விளையாட்டு தீர்மானிக்கும். கேட்டில் சட்டியை நிறுத்திக்கொண்டவர் தாளத்தை மறக்கவில்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றார். அதே போலத்தான் ஒலியடங்கிய அடுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு அடுக்கையும் தனியாகக் கேளுங்கள். தனியாகவே ஒரு நிமிடம் கேட்கத்தக்கதாக இல்லையென்றால் அது அடுக்கு அல்ல, நிரப்பு. நீக்கிவிடுங்கள்.

படி 6: மெட்டு தீரக்கூடாது

சண்டை இசையில் நீண்ட மெட்டு வேண்டாம். நான்கைந்து சுரங்களுக்குள் ஒரு கூவல் போதும். அது ஆதார ஷட்ஜத்தில் (ச) வந்து அமரக்கூடாது. பஞ்சமத்திலோ (ப) அதற்குக் கீழேயோ தொங்கட்டும். ஷட்ஜத்தில் அமர்ந்தால் கேட்பவர் மனம் ‘முடிந்தது’ என்று எண்ணிவிடும், எதிரியோ இன்னும் நிற்கிறான். அந்த ஷட்ஜத்தைச் சேமித்து வாகையில் மட்டும் கொடுங்கள். இரண்டு நிமிடம் காத்திருந்த சுரம் வந்து அமரும்போது ஆடுபவர் மூச்சை விடுவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

குரலுக்குக் கானா பாடும் ஒருவரை அழைத்தேன். சொற்கள் இல்லை, நீட்டி இழுக்கும் ‘ஓ’ மட்டும். சொல் வந்தால் காது அதைப் படிக்கத் தொடங்கிவிடும், எதிரியின் காலடியைக் கேட்காது.

படி 7: சுழற்சியின் தையல்

32-ஆவது நொடியில் அடித்த அடியின் கார்வை (நீண்டு ஓயும் ஒலி) 33-ஆவது நொடி வரை நீளும். கோப்பை 32-இல் வெட்டினால் கார்வையும் வெட்டுப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். ரீப்பரில் பகுதி முழுவதையும் இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து, இரண்டாவது சுற்றை மட்டும் கோப்பாக எடுங்கள். முதல் சுற்றின் கார்வை இரண்டாவதன் தொடக்கத்தில் விழுந்திருக்கும், தையல் மறையும்.

எம்.பி.3 வேண்டாம். அந்த வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் சிறிது வெற்றொலியைச் சேர்த்துவிடும். ஓ.ஜி.ஜி. பயன்படுத்துங்கள்.

படி 8: விளையாட்டுக்குள் பூட்டுதல்

இசை சூழலுக்கேற்பத் தாளம் தவறாமல் மாறும் முறைக்கு முன்னோடி லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஐமியூஸ் என்ற மென்பொருள் அமைப்பு. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் உருவாக்கியது. 1991-இல் வந்த மங்கி ஐலண்ட் 2 விளையாட்டில் முதலில் பயன்பட்டது. இன்று பெரிய நிறுவனங்கள் எஃப்மாட், வைஸ் போன்ற ஒலி மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. கோடோவில் 4.3 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

ஆடியோஸ்ட்ரீம்சிங்க்ரனைஸ்டு என்பதில் ஒரு நிலையின் நான்கு அடுக்குகளையும் போடுங்கள். அவை ஒன்றாக ஓடும், ஒவ்வொன்றின் ஒலியளவையும் தனியே மாற்றலாம். வஞ்சி, தும்பை, வாகை ஆகிய நிலைகளை ஆடியோஸ்ட்ரீம்இன்டராக்டிவ் என்பதில் வைத்து, எதிலிருந்து எதற்கு எப்போது மாற வேண்டும் என்று குறியுங்கள்: உடனே, அடுத்த தட்டில், அடுத்த ஆவர்த்தனத்தில், அல்லது பகுதி முடிந்த பின். இது வேலை செய்ய, ஓ.ஜி.ஜி. கோப்பை இறக்குமதி செய்யும் இடத்தில் வேகம் 120, மொத்தத் தட்டு 64, ஆவர்த்தனத்துக்குத் தட்டு 4 என்று நிரப்பியிருக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு மாற்றம் ஏன் தாளத்தில் விழவில்லை என்று தேடுகிறார்கள்.

எந்த அடுக்கு எப்போது எழ வேண்டும்? அருகிலுள்ள எதிரிகளின் எண்ணிக்கை, ஆடுபவரின் உயிர் இரண்டையும் கொண்டு 0 முதல் 100 வரை ஓர் ஆபத்து அளவு வையுங்கள். ஏறும்போது உடனே ஏறட்டும். இறங்கும்போது நான்கு ஆவர்த்தனம், அதாவது 8 நொடி காத்திருந்து இறங்கட்டும். இல்லையென்றால் எதிரி ஒருவன் தூணுக்குப் பின்னால் போய் வரும்போதெல்லாம் பறை அணைந்து எரியும்.

பெரிய எதிரி வரும் முன் ஓர் ஆவர்த்தனம் முழு மௌனம் விடுங்கள். குச்சி உயர்ந்து நிற்கும் அந்த 2 நொடியை எந்த ஒலியாலும் ஈடுசெய்ய முடியாது.

படி 9: மிக்ஸிங்

நம் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மை. சிண்டுக்குச்சியின் வெட்டும் அங்கேதான், குத்து விழும் ஒலியின் கூர்மையும் அங்கேதான். இசையில் அந்தப் பகுதியை இரண்டு மூன்று டெசிபெல் தாழ்த்துங்கள். குத்து விழும் கணத்தில் இசை முழுவதும் 3 டெசிபெல் அமுங்கி மீளும்படியும் செய்யுங்கள். கைபேசி ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் கேட்கவே கேட்காது. படகு இயந்திரத்துக்குச் சற்றுக் கரகரப்பைக் கூட்டினால் அதைவிட உயர்ந்த துணை ஒலிகள் எழுந்து, சிறிய ஒலிபெருக்கியிலும் அதன் இருப்பு தெரியும். விளையாட்டின் மொத்த ஒலியளவு கைபேசிக்கு மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சராசரி ஒலியளவின் அலகு) அளவிலும், தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிக்கு மைனஸ் 24 அளவிலும் இருக்கட்டும்.

படி 10: கொடுத்துப் பாருங்கள்

முதல் சோதனை உங்களுக்கே. சமைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ தும்பையை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஏறத்தாழ 37 சுற்று ஓடும். எந்த அடி எரிச்சலூட்டத் தொடங்குகிறதோ அதுதான் பிழை; பெரும்பாலும் நீங்கள் மிகவும் ரசித்து வைத்த அடியாகவே இருக்கும். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மூன்று மாற்று அடிகளைப் பதிவு செய்து, கோடோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள்.

அடுத்து, வியாசர்பாடியில் ஒரு கேரம் மன்றத்தில் கைபேசியைக் கொடுத்துவிட்டு நான் ஆடுபவரின் கட்டைவிரலைப் பார்த்தேன். முகம் மரியாதைக்காகச் சிரிக்கும், கட்டைவிரல் பொய் சொல்லாது. பறை ஏறியபோது அவர் விரலும் வேகமெடுத்தது. ஆனால் கடைசி எதிரி விழுந்த பிறகும் இரண்டு மூன்று முறை வெறும் காற்றைக் குத்தினார். வாகை அடுத்த ஆவர்த்தனத்தில் வரும்படி வைத்திருந்தேன். 2 நொடி வரை அவருக்கு வெற்றி தெரியவில்லை. பறை வாசித்தவரிடம் இதைச் சொன்னபோது, “கேட் திறந்துவிட்டால் சுற்று முடியும்வரை நாங்கள் காத்திருப்போம். சாமி வந்து ஆடுகிறவர் விழுந்துவிட்டால் காத்திருக்க மாட்டோம், கையை அங்கேயே நிறுத்திவிடுவோம்” என்றார். அன்றிரவு வாகைக்கு மட்டும் மாற்றத்தை அடுத்த தட்டுக்குக் கொண்டுவந்தேன்; அரை நொடிக்குள் ஷட்ஜம் வந்து அமர்கிறது.